ஒரு ஆர்கன், ஒரு மரப்பெட்டி

சி.எஸ்.ஐ. மயாமி தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த அலறல் மறந்திருக்காது. 2002 முதல் 2012 வரை ஓடிய தொடர். ஹோரேஷியோ கெய்ன் பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு பாதி வசனம் சொல்வார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். மீதி வசனத்தைச் சொல்வார். உடனே காதைப் பிளக்கும் ஒரு அலறலோடு டைட்டில் ஓடும். (இதைக் கிண்டலடித்து இணையத்தில் வந்த படங்களைச் சேர்த்தால் ஒரு தனிப் பதிவே போடலாம்.)

அலறியவர் ரோஜர் டால்ட்ரி. பாட்டு, 'தி ஹூ' குழுவின் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்', 1971. தொடரில் காதில் விழுவது சில விநாடிகள்தான். ஆல்பத்தில் அது எட்டரை நிமிடப் பாட்டு. அலறலுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கிடார், பாஸ், ட்ரம்ஸ் எல்லாம் ஒதுங்கிவிடும். 'வவ்-வவ்-வவ்' என்று துடிக்கும் ஒரு ஒலி மட்டும் தனியாக ஓடும். சின்னக் குழந்தை வாயைக் கையால் பொத்திப் பொத்தித் திறக்குமே, அந்த மாதிரி.

அது என்ன வாத்தியம் என்று யாரைக் கேட்டாலும் 'சிந்தசைசர்' என்பார்கள். பாதி சரி. சிந்தசைசர் அங்கே இருந்தது. ஆனால் அது ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

வாசித்தது லோரி பெர்க்ஷயர் என்ற வீட்டு ஆர்கன். அமெரிக்கக் குடும்பங்கள் ஹாலில் ஒரு மூலையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கு வாசித்துக் காட்டும் சாதனம். அதன் முன் உட்கார்ந்து கார்டுகளை அழுத்தியவர் குழுவின் கிடார்காரர் பீட் டவுன்ஷெண்ட். ஆர்கனிலிருந்து வந்த ஒலி நேராக டேப்புக்குப் போகவில்லை. ஒயர் வழியாக ஒரு மரப்பெட்டிக்குள் நுழைந்து, அதற்குள் இருந்த ஃபில்டரைக் கடந்து, அதன் பிறகுதான் டேப்புக்குப் போனது. அந்தப் பெட்டியின் பெயர் வி.சி.எஸ்.3.

லண்டனில் தேம்ஸ் கரையில் பட்னி என்று ஒரு பகுதி. அங்கே பீட்டர் ஸினோவியெஃப் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கம்ப்யூட்டர்களை வைத்து இசை செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதுகளில் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் எவ்வளவு செலவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவைச் சமாளிக்க, சின்னதாக ஒரு சிந்தசைசர் செய்து விற்கலாம் என்று முடிவானது. டேவிட் காக்கரெல் மின்சுற்றுகளை வடிவமைத்தார். ட்ரிஸ்ட்ரம் கேரி பெட்டியை வடிவமைத்தார். 1969இல் வெளிவந்தது, விலை 330 பவுண்டு. அமெரிக்காவின் பெரிய மூக் சிஸ்டம்களோடு ஒப்பிட்டால் கொசுறு விலை.

அந்தப் பெட்டிக்குக் கீபோர்டு கிடையாது! வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே வரிசையாகத் திருகுகள், ஒரு ஜாய்ஸ்டிக், நடுவில் 16க்கு 16 துளைகள் கொண்ட ஒரு கட்டம். அந்தத் துளைகளில் குட்டிக் குட்டி ஊசிகளைச் செருகினால், எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்பது தீர்மானமாகிவிடும். பார்ப்பதற்கு வாத்தியம் மாதிரியே இருக்காது, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஒரு துண்டு மாதிரி இருக்கும். முக்கியமான விஷயம், வெளியிலிருந்து ஒலியை உள்ளே அனுப்ப அதில் இரண்டு வழிகள் இருந்தன. மைக்கோ, கிடாரோ, ஆர்கனோ, எதை வேண்டுமானாலும் செருகலாம். வாங்கியவர்களில் பலரும் அதைத் தானாக ஒலி எழுப்பும் கருவியாகத்தான் பார்த்தார்கள். சிலருக்கு மட்டும் அந்த இரண்டு துளைகள்தான் கண்ணில் பட்டன.

சரி, ஃபில்டர் என்ன செய்கிறது? ஃபில்டர் காபி உதாரணம் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பாதிதான் பொருந்தும். இன்னும் நல்ல உதாரணம் உங்கள் வாயிலேயே இருக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே சுருதியில் 'ஊ' என்று இழுங்கள். சுருதி மாறாமல் மெதுவாக வாயைத் திறந்து 'ஆ'வுக்குப் போங்கள். திரும்ப 'ஊ'. தொண்டையிலிருந்து வரும் ஒலி மாறவே இல்லை. உதடும் நாக்கும் வாயின் குகையும்தான் அந்த ஒலியில் சில பகுதிகளை அமுக்கி, சிலவற்றைத் தூக்கிவிடுகின்றன. சிந்தசைசர் ஃபில்டரும் இதையேதான் மின்சாரத்தில் செய்கிறது. ஒரு சுரம் என்பது ஒற்றை ஒலி இல்லை. அடிப்படை அதிர்வு, அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஒரு படையே சேர்ந்து வரும். ஃபில்டரை மூடினால் மேலே உள்ளவை வரிசையாக மறையும், ஒலி மந்தமாகும். திறந்தால் ஒவ்வொன்றாக வந்து சேரும், ஒலி பளிச்சென்று ஆகும். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதிர்வுகளை மட்டும் தூக்கிக் காட்ட ஒரு திருகு உண்டு, ரெசனன்ஸ் என்பார்கள். 'வவ்' என்ற அந்த உயிரெழுத்துச் சாயல் அதனால் வருவது.

இதை எழுதும்போது தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. கொப்பூழிலிருந்து எழும் காற்று ஒன்றுதான். அது தலை, கழுத்து, நெஞ்சு என்ற இடங்களில் நின்று, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் உருமாறி வேறு வேறு எழுத்தாகிறது என்கிறது அது. ஒலி பிறக்கும் இடம் வேறு, அதற்கு வடிவம் கொடுக்கும் இடம் வேறு. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்து பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்த சூத்திரம், ஒரு லண்டன் மரப்பெட்டியைப் புரிந்துகொள்ள உதவும் என்று யார் எதிர்பார்த்தார்கள்!

ஃபில்டருக்குள் எந்த ஒலியை அனுப்பலாம் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புல்லாங்குழலை அனுப்பினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதில் மேல் அதிர்வுகள் குறைவு, வெட்ட எதுவும் இல்லை. ஹார்மோனியம், நாதஸ்வரம், வயலின் மாதிரி மேல் அதிர்வுகள் செறிந்த ஒலிகள்தான் அதற்குத் தீனி. இன்னொன்று, ஒலி நின்று நீடிக்க வேண்டும். கிடார் கம்பியை மீட்டினால் அடுத்த நொடியே தேயத் தொடங்கிவிடுகிறது. ஃபில்டர் திறப்பதற்குள் ஒலி போய்விடும். ஆர்கன் அப்படி இல்லை. விரல் இருக்கும்வரை ஒலி இருக்கும், ஏறாமல் இறங்காமல், உயிரில்லாத தட்டையான ஒலி. தனியாகக் கேட்டால் பத்து விநாடியில் சலித்துவிடும். ஆனால் ஃபில்டருக்கு அந்தத் தட்டைதான் வேண்டும். சுவர் வெள்ளையாக இருந்தால்தானே நிழல் தெரியும். டவுன்ஷெண்ட் தன் கிடாரை விட்டுவிட்டு ஆர்கனைச் செருகியதில் அர்த்தம் இருந்தது.

தம்புராவைக் காதருகில் வைத்துக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. குதிரைமேல் கம்பிக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்கள். அதைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஒலிக்குள் ஒரு ஒளி மேலிருந்து கீழே வழிகிற மாதிரி இருக்கும். அங்கே மின்சாரமும் இல்லை, திருகும் இல்லை.

வெளி ஒலியைச் செருகிப் பார்க்கும் புதியவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள். 1970இல் வந்த மினிமூகில் பின்பக்கம் வெளி ஒலிக்கு ஒரு துளை உண்டு. கிடாரைச் செருகுவார்கள், வாசிப்பார்கள், சத்தமே வராது. கருவி பழுது என்று நினைப்பார்கள். பழுதெல்லாம் இல்லை. ஃபில்டருக்குப் பிறகு ஒரு ஆம்ப்ளிஃபயர் காவலுக்கு நிற்கிறது, கீபோர்டில் யாராவது ஒரு சாவியை அழுத்தினால்தான் அது வழிவிடும். ஆகவே ஒரு கையில் கிடார், இன்னொரு கையில் சிந்தசைசர் சாவி. அல்லது சாவியின் மேல் ஏதாவது கனத்தை வைத்துவிட வேண்டும். 1978இல் கோர்க் நிறுவனம் எம்.எஸ்.20இல் இதற்கு வழி கண்டது. உள்ளே வரும் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அந்தக் கருவியே கவனித்து, ஒலி வந்தால் கதவைத் திறந்துகொள்ளும். அதன் சுருதியைக்கூட ஊகிக்கப் பார்க்கும் (ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் கொடுத்தால், கார்டு கொடுத்தால் குழம்பிப்போய்க் கன்னாபின்னா என்று உளறும், அதையே விரும்பிக் கேட்பவர்களும் உண்டு).

வி.சி.எஸ்.3இல் ஃபில்டர் தவிர வேறு சாமான்களும் இருந்தன. ஒரு ஸ்ப்ரிங் ரிவர்ப். ஒரு ரிங் மாடுலேட்டர். பின்னது விசித்திரமான பிறவி. இரண்டு ஒலிகளைக் கொடுத்தால் இரண்டையும் விழுங்கிவிட்டு, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளியே தரும். 300 அதிர்வும் 100 அதிர்வும் போனால் 400ம் 200ம் வரும். 1963இல் பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் டாலெக்குகள் பேசிய குரல் இப்படிச் செய்ததுதான், மனிதக் குரலை ரிங் மாடுலேட்டரில் விட்டு எடுத்தது. முதல் டாலெக் கதைக்கு இசையமைத்தவர், பின்னாளில் வி.சி.எஸ்.3க்குப் பெட்டி வரைந்த அதே ட்ரிஸ்ட்ரம் கேரி. லண்டன் அவ்வளவு சின்ன ஊர்!

இந்தப் பெட்டியின் வெளித்துளைகளை வைத்தே பெயர் வாங்கிய இன்னொருவர் பிரையன் ஈனோ. ராக்ஸி மியூசிக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஆண்டி மக்கேயிடம் ஒரு வி.சி.எஸ்.3 இருந்தது. அது ஈனோவின் கைக்கு வந்தது. ஈனோவுக்கு வாத்தியம் எதுவும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது, அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஆரம்ப நாள் கச்சேரிகளில் அவர் மேடையில்கூட இல்லை, கூட்டத்துக்குப் பின்னால் மிக்ஸர் பக்கத்தில் இருந்தார். மேடையில் ஃபில் மன்ஸனேரா கிடார் வாசிப்பார். அது ஈனோவின் பெட்டிக்குள் போய் வேறு ஏதோவாகி வெளியே வரும். விரல் ஒருவருடையது, கேட்கும் ஒலி இன்னொருவருடையது. இரண்டு ஆல்பம் தாங்கியது அந்த ஏற்பாடு. 1973இல் ஈனோ வெளியேறினார்.

திரும்பவும் டவுன்ஷெண்டுக்கு. அந்த ஆர்கன் ஒலி ஒரு பெரிய கனவின் துண்டு. 'லைஃப்ஹவுஸ்' என்று ஒரு கதையை அவர் வைத்திருந்தார். எதிர்காலம், காற்று கெட்டுப்போய் மனிதர்கள் ஒருவகை உடைக்குள் அடைந்துகிடக்கிறார்கள், அனுபவங்கள் எல்லாம் ஒயர் வழியாக ஊட்டப்படுகின்றன. அதிலிருந்து தப்பியவர்கள் ஓரிடத்தில் கூடி ராக் கச்சேரி நடத்துகிறார்கள். வந்தவர் ஒவ்வொருவரின் விவரங்களும் சிந்தசைசருக்குள் போய் ஒரு சுரமாக வெளிவரும். எல்லாச் சுரங்களும் சேர்ந்து கடைசியில் ஒரே சுரமாகும். படம், ஆல்பம், நிஜக் கச்சேரி எல்லாம் ஒன்றாக. 1971 தொடக்கத்தில் லண்டன் யங் விக் தியேட்டரில் பார்வையாளர்களை வைத்து முயன்றும் பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், மனிதரையே வெளி ஒலியாகக் கருவிக்குள் செருகும் யோசனை அது. டவுன்ஷெண்ட் மெஹர் பாபாவின் பக்தர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்த 'ஒரே சுரம்' எங்கிருந்து வந்தது என்று ஓரளவு புரியும். அதே ஆல்பத்தின் 'பாபா ஓ'ரைலி'யில் வரும் பாபா அவர்தான். (அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் பறக்கும் ஒலியையும் சிந்தசைசர் என்றே பலர் நினைக்கிறார்கள். அதில் சிந்தசைசரே கிடையாது. லோரி ஆர்கனிலேயே இருந்த 'மரிம்பா ரிப்பீட்' பட்டனின் வேலை.)

லைஃப்ஹவுஸ் யாருக்கும் புரியவில்லை. குழுவில் இருந்த மற்ற மூவருக்கும் புரியவில்லை, மேனேஜருக்கும் புரியவில்லை. விளக்கி விளக்கி டவுன்ஷெண்ட் நொறுங்கிப்போனார். அந்த வசந்தத்தில் நியூயார்க்கில் தனக்கு மனநிலை உடைந்துபோனதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே 1971 மார்ச்சில் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டைப் பதிவு செய்தார்கள். சரிவரவில்லை. இங்கிலாந்து திரும்பியதும் கிளின் ஜான்ஸ் என்ற ரெக்கார்டிங் எஞ்சினியர் பொறுப்பேற்றார். பெரிய கதையை மூட்டை கட்டிவிட்டு, நல்ல பாட்டுகளை மட்டும் பொறுக்கி ஒரே ஒரு ஆல்பம் போடுவோம் என்றார். ஆகஸ்டில் அது 'ஹூ'ஸ் நெக்ஸ்ட்' ஆக வந்தது.

ஏப்ரலில் ஸ்டார்குரோவ்ஸில் பதிவு. மிக் ஜாகரின் கிராமத்து மாளிகை அது. வாசலில் ரோலிங் ஸ்டோன்ஸின் ரெக்கார்டிங் வண்டி. அங்கே ஜான்ஸ் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் மையம். நியூயார்க்கில் மறுபடி பதிந்த ஆர்கன் பகுதி டெமோவில் இருந்த அளவுக்கு இல்லை. அதனால் டவுன்ஷெண்ட் முதன்முதலில் தனியாகப் பதிந்த அந்த டெமோ ஆர்கனையே எடுத்து வைத்தார், அதன்மேல் குழு வாசிக்கட்டும் என்றார். அதே ஆள், அதே கார்டுகள். இருந்தும் திரும்ப வரவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வி.சி.எஸ்.3இல் அமைப்பைச் சேமித்துவைக்கும் பட்டன் எதுவும் கிடையாது. எந்தத் திருகு எங்கே நின்றது, எந்தத் துளையில் எந்த ஊசி என்று தாளில் குறித்துவைத்தால் உண்டு. குறித்துவைத்தாலும் ஒரு மயிரிழை பிசகினால் துடிப்பின் வேகம் வேறு, திறப்பின் அளவு வேறு.

இப்போது கீத் மூனை நினைத்துப் பாருங்கள். உலகத்தில் எந்த ட்ரம்மரும் அவ்வளவு கட்டுப்பாடில்லாமல் வாசித்ததில்லை. தாளம் என்பது அவருக்குக் கரை, அவர் வெள்ளம். 'தி ஹூ'வில் வேகத்தைத் தீர்மானித்தவர் அவர்தான். மற்றவர்கள் அவரைத் துரத்திப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட ஆளின் காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு ஃபில்டர் திறந்து மூடும் வேகத்துக்கு வாசி என்றார்கள். அந்த ஃபில்டரை ஆட்டியது கருவிக்குள் மெதுவாக அலையும் ஒரு மின்னலை. அது யாருக்காகவும் காத்திருக்காது, யாருடைய உற்சாகத்தையும் பார்க்காது. மூன் வாசித்தார். அதுவும் எப்படி! ஆர்கனின் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் தன் இடத்தைக் கண்டுபிடித்து, விட்டும் கொடுக்காமல் மீறவும் செய்யாமல். அவர் வாசித்ததிலேயே சிறந்தது இதுதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஸ்டுடியோவில் சரி, மேடையில்? ஆர்கனையும் பெட்டியையும் மேடையில் வைத்து அதே ஒலியை எடுப்பது நடக்காத காரியம். டேப்பை ஓடவிட்டார்கள். நான்கு பேரும் ஒவ்வொரு இரவும் அந்த டேப்புக்குக் கட்டுப்பட்டார்கள். 1973இல் 'குவாட்ரோபீனியா' பாட்டுகளுக்கும் இந்த டேப் வைத்தியத்தை நீட்டினார்கள், வினை வந்தது. நவம்பர் 5ஆம் தேதி, நியூகாசில் ஓடியன். ஒரு பாட்டுக்கு டேப் நேரத்துக்கு வரவில்லை. டவுன்ஷெண்ட் மேடை ஓரத்தில் இருந்த ஒலி எஞ்சினியர்மேல் பாய்ந்தார், டேப்புகளைப் பிடுங்கி எறிந்தார். கச்சேரி நின்று, பிறகு பழைய பாட்டுகளோடு தொடர்ந்தது. அந்த எஞ்சினியர் பாவம். கோபம் அவர்மேல் இல்லை என்றே தோன்றுகிறது. தானே ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவந்த ஒன்று தன்னையே காக்கவைக்கிறது என்ற கடுப்பு அது.

ஆனாலும் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' டேப்பை மட்டும் அவர்கள் விடவில்லை. விட முடியாது, அது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

1978 மே 25, ஷெப்பர்டன் ஸ்டுடியோ. 'தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்' என்ற ஆவணப்படத்துக்காக ரசிகர்கள் முன்னால் வாசிக்கிறார்கள். மூன் உடம்பு பெருத்து, முகம் வீங்கி, 31 வயதுக்கு ரொம்பவே முதிர்ந்து தெரிகிறார். ஹெட்போன் நழுவிவிடக் கூடாது என்று தலையோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஆறரை நிமிடம் தாண்டியதும் எல்லோரும் நிற்கிறார்கள். இருட்டு. லேசர் கதிர்கள். 1971இல் பதிந்த ஆர்கன் தனியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது, திறப்பதும் மூடுவதுமாக. மூன் காத்திருக்கிறார். சரியான இடத்தில் விழுகிறது முதல் அடி, அப்புறம் ட்ரம்ஸ் முழுக்க உருண்டு ஓடுகிறது, டால்ட்ரி அலறுகிறார், டவுன்ஷெண்ட் முழங்காலால் மேடை நீளத்துக்குச் சறுக்கிக்கொண்டு வருகிறார்.

படம் 1979இல் வந்தது. மூன் அதற்கு முன்பே, 1978 செப்டம்பர் 7ஆம் தேதி இறந்துவிட்டார். அந்த இருட்டு நிமிடத்தைத் தேடிப் பாருங்கள், கொஞ்சம் நல்ல ஹெட்போனோடு.